ஒரு சுற்றில் எத்தனை லைற் போடலாம்? ஒரு கோண்டாவில் வீட்டின் கணக்கு

கேள்வி சுருக்கமாக இதுதான். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் அம்மாவின் பழைய ஓட்டு வீடு. ஆவணியில் தங்கச்சிக்குக் கலியாணம். லைற்றுக்கென்று வீட்டில் ஒரே ஒரு சுற்று (சேர்கிற்று), டி.பி. பெட்டியில், அதாவது மின்சாரத்தைச் சுற்றுகளாகப் பிரிக்கிற பெட்டியில், அதற்கு 6 அம்பியர் எம்.சி.பி., ஓட்டம் அளவுக்கு மீறினால் தானாக விழுகிற சுவிச். இப்போது அதில் 11 லைற்றும் 4 ஃபானும் ஓடுகின்றன. புதிதாக 15 எல்.ஈ.டி. லைற் வேண்டும்: விறாந்தைச் சீலிங்கில் 6, மதிலில் 8, கேற்றடியில் ஒரு ஃபிளட் லைற். வயரிங் செய்ய வந்த அண்ணை, "ஒரு சேர்கிற்றுக்குப் பத்துப் பொயின்ற்றுக்கு மேல போடக்கூடாது" என்கிறார். ரொறன்ரோவில் இருந்து வந்திருக்கும் அத்தான் "பன்னிரண்டு" என்கிறார். மச்சான் ஒருவர், "எல்.ஈ.டி. தானே, நூறும் போடலாம்" என்கிறார். இவர்களில் யாரை நம்புவது?

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் 15 லைற்றையும் அந்தச் சுற்று தாங்கும். இருந்தாலும் எல்லாவற்றையும் அதில் போடாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

மூன்று பேரும் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பிறப்பிடம் இருக்கிறது. வயரிங் அண்ணையின் பத்தை எடுத்துக்கொள்வோம். எங்கள் நாட்டு வயரிங் பழக்கம் பிரித்தானிய விதிகளை ஒட்டியது. 1882 இல் முதற்பதிப்பாக வந்த அந்த விதிகள்தான் இப்போது பி.எஸ். 7671 என்ற பெயரில் இருக்கின்றன. அந்த வழியில் லைற் சுற்றைக் கணக்குப் பார்க்கும்போது ஒவ்வொரு பல்ப் ஹோல்டருக்கும் குறைந்தது 100 வாற் என்று வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு நீங்கள் 9 வாற் குமிழ் போட்டிருக்கலாம், நாளைக்கு வாடகைக்கு வருகிறவர் அதே ஹோல்டரில் 100 வாற் குண்டு பல்பைச் செருகலாம், ஹோல்டருக்கு வித்தியாசம் தெரியாது. பழைய வீடுகளில் லைற்றுக்கு 5 அம்பியர் பீங்கான் பியூஸ். எங்கள் கரண்ட் 230 வோல்ற். 5 × 230 = 1150 வாற். அதை 100 ஆல் வகுத்தால் பதினொன்றரை. கொஞ்சம் கையிருப்பாக விட்டால் பத்து. அண்ணைக்குத் தொழில் பழக்கிய ஆள் அந்தப் பத்தை மட்டும் சொல்லிக்கொடுத்திருப்பார், வகுத்த கணக்கைச் சொல்லியிருக்க மாட்டார்.

அதே கணக்கு உங்கள் 6 அம்பியருக்கு 1380 வாற், அதாவது 13 ஹோல்டர். வீட்டில் எல்லா லைற்றும் ஒரே நேரத்தில் எரிவதில்லை என்பதால் மொத்தத்தில் 66 வீதத்தை மட்டும் எடுக்கலாம் என்றும் அந்த வழிகாட்டலில் இடம் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 20 ஹோல்டர் வரை போகும். ஆனால் கலியாண வீட்டில் அந்தச் சலுகையை எடுக்காதீர்கள். அன்றைக்கு எல்லாம் எரியும், கக்கூஸ் லைற் உட்பட.

அத்தானின் பன்னிரண்டு கனடாவின் எண். அங்கே சாதாரணச் சுற்று 120 வோல்ற், 15 அம்பியர். பெருக்கினால் 1800 வாற், நீண்ட நேரம் ஓடும் பாரத்துக்கு அதில் 80 வீதம், 1440 வாற். ஒரு சுற்றில் 12 பொயின்ற்றுக்கு மேல் வேண்டாம் என்பது அங்குள்ள பொது விதி. 1440 ஐ 12 ஆல் வகுத்தால் பொயின்ற்றுக்கு 120 வாற், அதாவது அங்கத்தைய வோல்ற்றில் சரியாக ஓர் அம்பியர். அழகான கணக்குத்தான், ஆனால் அந்த நாட்டு மின்சாரத்துக்கு. யூடியூப்பில் பார்க்கிற வயரிங் வீடியோக்களில் முக்கால்வாசி இந்த 120 வோல்ற் உலகத்தவை. அவற்றில் வரும் வாற் கணக்கையும் வயர் இலக்கத்தையும் இங்கே கொண்டுவந்து பொருத்தக்கூடாது. ஒரே வாற்றுக்கு அங்கே ஓடுவது இங்கே ஓடுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அம்பியர்.

மச்சானின் நூறு? 1380 ஐ 9 ஆல் வகுத்தால் 153. அவர் அடக்கமாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் ஒன்றைப் பார்க்கவில்லை. எல்.ஈ.டி. குமிழின் பெட்டியை எடுத்துச் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 9 வாற், 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், அதற்குப் பக்கத்தில் பி.எஃப். 0.5 என்று ஒன்று இருக்கும். மலிவான குமிழ்களில் இது சர்வசாதாரணம். வலுக் காரணி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. 9 வாற் குமிழ் என்றாலும் வயரில் இழுக்கிற ஓட்டம் 18 வாற் இழுப்பது போல என்று அதற்கு அர்த்தம். மீற்றர் உங்களுக்கு 9 வாற்றுக்குத்தான் காசு கேட்கும், வயரும் எம்.சி.பி.யும் 18 ஐச் சுமக்கும். ஆகவே 153 பாதியாகி 76 ஆகிறது. அதுவும் பெரிய எண்தான்.

சரி, இனி உங்கள் வீட்டையே கணக்குப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய விபரப்படி இப்போது 9 வாற் குமிழ் ஒன்பது, 18 வாற் எல்.ஈ.டி. ரியூப் இரண்டு: 117 வாற். நாலு ஃபானும் 75 வாற் என்று வைத்தால் 300. புதியவை விறாந்தையில் 12 வாற்றில் ஆறு, மதிலில் 7 வாற்றில் எட்டு, கேற்றடியில் 50 வாற்: 178 வாற். எல்லாம் சேர்த்து 595 வாற். வெறும் வாற்றாக வகுத்தால் 2.6 அம்பியர். வலுக் காரணியையும் சேர்த்துக் கறாராகப் பார்ப்போம். லைற் 295 வாற் இரட்டித்து 590, ஃபானுக்குக் கொஞ்சம் கூட்டி 333, மொத்தம் 923. 230 ஆல் வகுத்தால் 4 அம்பியர். 6 அம்பியரில் 80 வீதம் 4.8. ஆகவே முழுக் கலியாண வீட்டிலும், எல்லா லைற்றும் எல்லா ஃபானும் ஒன்றாக ஓடினாலும், இடம் இருக்கிறது. (80 வீதம் என்பது எங்கள் விதியில் எழுதிய எண் இல்லை. அந்தப் பழக்கம் நல்லது என்பதால் நான் பிடித்துக்கொண்டது.)

இந்த இடத்தில் மச்சான் சிரிப்பார். பொறுங்கள்.

லைற் சுற்று என்று நாங்கள் சொல்வதில் லைற் மட்டும்தான் இருக்கிறதா? நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். ஹோலில், அறைக் கதவுக்குப் பக்கத்தில், சுவிச்போட்டிலேயே சேர்ந்தாற்போல் மூன்று உருண்டை ஓட்டையோடு ஒரு சின்ன 5 அம்பியர் பிளக் பொயின்ற் இருக்கிறதா? பழைய வீட்டில் அது இல்லாமல் இராது. ரேடியோ போடவும் மேசை லைற் போடவும் அந்தக் காலத்தில் வைத்தது. அது அனேகமாக லைற் சுற்றில்தான் தொங்குகிறது. இன்றைக்கு அதில் ஒரு மல்ரி பிளக்கைச் செருகி அயன் போடுகிறார்கள். 1000 வாற் அயன் 4.35 அம்பியர் இழுக்கும். 9 வாற் குமிழ்க் கணக்கில் அது நூற்றுப் பதினொரு குமிழ். கேத்தில் என்றால் அதைவிட மோசம், 1500 வாற்றுக்குக் குறைந்த கேத்தில் கடையில் கிடைப்பதே அரிது.

கலியாணத்தன்று விடியப்புறம் என்ன நடக்கும்? மதில் லைற் இன்னும் அணைக்கவில்லை, ஃபான் எல்லாம் ஓடுகிறது, ஹோலில் ஒரு மாமி சேலைக்கு அயன் போடுகிறா. நாலும் நாலேகாலும் எட்டேகாலுக்கு மேல், சரியாகச் சொன்னால் 8.35 அம்பியர். 6 அம்பியர் எம்.சி.பி. உடனே விழும் என்று நினைப்பீர்கள். விழாது. எம்.சி.பி. அப்படிச் செய்யப்பட்ட சாமான் இல்லை. அதன் தரவிதிப்படி, எழுதியிருக்கிற அம்பியரின் 1.13 மடங்கு வரை ஒரு மணித்தியாலம் விழாமல் நிற்க வேண்டும். 1.45 மடங்கில் ஒரு மணித்தியாலத்துக்குள் விழ வேண்டும். உங்கள் 6 அம்பியருக்கு அது 6.8 இலிருந்து 8.7 வரை. 8.35 அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விழுந்தாலும் விழும், மாமி மூன்று சேலையை முடிக்கிற வரைக்கும் விழாமலும் நிற்கும்.

எம்.சி.பி. பொறுத்துக்கொள்ளும், வயர் பொறுக்குமா என்பதுதான் அடுத்தது. வயரின் தோலில் 1/1.13 என்று அடித்திருக்கும். ஒரு கம்பி, அதன் விட்டம் 1.13 மில்லிமீற்றர் என்று பொருள். பரப்பளவு 1 சதுர மில்லிமீற்றர். லைற்றுக்கு வழக்கமாக இழுப்பது இதுதான். 7/0.67 என்றால் ஏழு கம்பி, கிட்டத்தட்ட 2.5 சதுர மில்லிமீற்றர், பிளக் பொயின்ற்றுக்கு உரியது. வீடு மிகவும் பழையது என்றால் 1/.044 அல்லது 3/.029 இருக்கலாம். அது அங்குலக் கணக்கு. முதலாவது இன்றைய 1/1.13 க்குச் சமம் என்றே சொல்லலாம், மற்றது அதைவிடக் கொஞ்சம் தடிப்பு.

1 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் சுவரில் பதித்த பைப்புக்குள் 13.5 அம்பியர் தாங்கும் என்று அட்டவணை சொல்லும். கடைக்காரரும் அதையே சொல்வார். ஆனால் அந்த அட்டவணை சுற்றாடல் வெப்பம் 30 பாகை என்று வைத்து எழுதியது. சித்திரை வெயிலில் உங்கள் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையில் மத்தியானம் தலையை நீட்டிப் பாருங்கள். நான் நீட்டியிருக்கிறேன், இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. அங்கே 50 பாகை என்று வைத்துக்கொண்டால் பி.வி.சி. வயரின் தாங்குதிறனை 0.71 ஆல் பெருக்க வேண்டும்: 9.6 அம்பியர். அதே பைப்பில் இன்னொரு சுற்றின் வயரும் போகிறது என்றால் இன்னும் 0.8 ஆல் பெருக்க வேண்டும்: 7.7. பதின்மூன்றரையில் தொடங்கினோம், ஏழே முக்காலுக்கு வந்து நிற்கிறோம்.

6 அம்பியர் எம்.சி.பி.யை ஏன் மாற்றக்கூடாது என்பது இப்போது விளங்கும். அடிக்கடி விழுகிறது என்றால் 10 போடு, 16 போடு என்பது ஊரில் சர்வசாதாரணமான வைத்தியம். 10 அம்பியர் எம்.சி.பி. 11.3 அம்பியரை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். கீழே வயரின் அளவு 7.7. முன்பு இதே வைத்தியத்தைப் பீங்கான் பியூஸில் செய்தார்கள். 5 அம்பியர் பியூஸ் கம்பி 0.2 மில்லிமீற்றர்தான், தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிப்பு. அது போனால் ஃபிளெக்சிபிள் வயரில் இருந்து நாலு இழையை உருவிக் கட்டிவிடுவார்கள். சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றியதையும் கண்டிருக்கிறேன். பியூஸ் அதற்குப் பிறகு போகவே போகாது. போவது வேறெதுவாக இருக்கும்.

இவ்வளவும் வயர் முழுக்க ஒரே மாதிரி நல்லாக இருக்கிறது என்று நம்பிப் போட்ட கணக்கு. பழைய வீட்டில் என்னை உண்மையிலேயே பயமுறுத்துவது வயரும் வயரும் சேர்கிற மூட்டுத்தான்.

ஒருமுறை இணுவிலில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஹோல் லைற் மின்னி மின்னி எரிகிறது, குமிழ் மாற்றியும் சரிவரவில்லை. சீலிங் பலகை ஒன்றைக் கழற்றி ஏறினேன். பனஞ்சலாகைக்குப் பக்கத்தில் ஒரு வட்டப் பெட்டி, மூடி இல்லை. உள்ளே ஐந்து சோடி வயரை முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுற்றியிருந்தார்கள். ரேப் உருகிப் பாகு மாதிரி ஒழுகி, அதில் தும்பும் எறும்பும் ஒட்டிக் காய்ந்திருந்தது. விரலால் தொட்டதும் ஒரு முறுக்கு தானாகக் கழன்று வந்தது, செம்பு கறுத்து உதிர்ந்தது. ஓர் அடி தள்ளி அணில் கூட்டுக்குக் கொண்டுவந்த தென்னந்தும்பு ஒரு கட்டு. அந்த வீட்டில் 12 லைற்றும் எல்.ஈ.டி., மொத்தம் ஓர் அம்பியர்கூட இல்லை. அதனால்தான் அத்தனை காலம் தப்பியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கெட்டுப்போன மூட்டில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வைப்போம். வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். ஓர் அம்பியர் ஓடினால் அந்த மூட்டில் அரை வாற், கையில் சூடு தெரியாது. உங்கள் கலியாண லைற் 4 அம்பியர் ஓடினால் 8 வாற். மாமியின் அயனோடு 8.35 ஓடினால் 35 வாற். ரேடியோ திருத்துகிறவர் ஈயம் உருக்கும் சோல்டரிங் அயன் ஏறக்குறைய அவ்வளவுதான். அதை அணில் தும்புக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் கொளுத்தி வைத்த மாதிரி. எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது, அது ஓட்டத்தை மட்டும்தான் எண்ணும். ட்ரிப் சுவிச்சுக்கும் தெரியாது. அது நிலத்துக்குக் கசிகிற கரண்ட்டுக்குத்தான் விழும், பாரம் கூடினதற்கு விழாது. "ட்ரிப் சுவிச் இருக்கு, பயமில்லை" என்று நம்பி இருக்கிற வீடு எங்கள் பக்கத்தில் எத்தனை என்று எண்ணி முடியாது.

1990 இல் யுத்தத்தால் கரண்ட் நின்று, ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட வருஷங்களுக்குப் பிறகு கரண்ட் திரும்பி வந்தபோது என் அயலில் பல வீடுகள் அதே பழைய வயரில்தான் இணைப்பை எடுத்தன. அப்போது மாற்ற யாரிடமும் காசில்லை. பிறகு மாற்றிய வீடுகளிலும் டி.பி. பெட்டியையும் சுவிச்சையும் மாற்றியிருப்பார்கள், சீலிங்குக்கு மேலே இருக்கிறதை ஒருவரும் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று என் ஊகம்.

ஆகவே முதல் வேலை, கண்டுபிடிப்பது. பகல் வெளிச்சத்தில் எல்லா லைற்றையும் ஃபானையும் போடுங்கள், எல்லாப் பிளக் பொயின்ற்றிலும் ஃபோன் சார்ஜர் ஏதாவது செருகுங்கள், அப்புறம் அந்த 6 அம்பியர் எம்.சி.பி.யை மட்டும் இறக்குங்கள். வீடு முழுக்க ஒரு சுற்று நடந்து எது நின்றது என்று கடதாசியில் எழுதுங்கள். அம்மாவைக் குசினியில் நிற்கச் சொல்லுங்கள். லைற்றை இறக்கினதும் "பிறிஜ் நிண்டிட்டுதடா" என்று குரல் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், எனக்கு அப்படி இரண்டு வீட்டில் வந்திருக்கிறது. கிணற்றடி மோட்டரும் இதில் தொங்குகிறதா என்று பாருங்கள். மோட்டர் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு இழுக்கும், லைற் சுற்றில் அதற்கு வேலையில்லை. வயரிங் அண்ணையிடம் கிளாம்ப் மீற்றர் இருந்தால் டி.பி. பெட்டிக்குள் லைவ் வயரில் கொளுவி, எல்லாம் ஓடும்போது எத்தனை அம்பியர் என்று பார்க்கச் சொல்லுங்கள். நான் இங்கே போட்ட 4 அம்பியரைவிட அந்த ஓர் எண் பெறுமதியானது. டி.பி. மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம், மெயின் சுவிச்சை இறக்கினாலும் மீற்றரில் இருந்து வருகிற வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

கண்டுபிடித்த பிறகு பழைய சுற்றில் இருந்து அந்த 5 அம்பியர் பிளக் பொயின்ற்றுகளைக் கழற்றி விடுவதுதான் பெரிய வேலை. அயனுக்கும் கேத்திலுக்கும் ஹோலில் ஒரு 13 அம்பியர் சதுரப் பின் பொயின்ற், 7/0.67 வயரில், டி.பி.யில் இருந்து தனியாக. செலவு அதிகம் இல்லை. இதைச் செய்யாமல் லைற் எண்ணிக்கையைப் பற்றி யோசிப்பது வீண்.

விறாந்தையின் ஆறு லைற்றையும் வேண்டுமென்றால் பழைய சுற்றிலேயே எடுக்கலாம், 72 வாற்தான். ஆனால் சீலிங்குக்கு மேலே ஏறி மூட்டுகளைத் திறந்து பார்த்து, முறுக்கி ரேப் சுற்றியதை எல்லாம் வெட்டிக் கனெக்டர் போட்டு, மூடியுள்ள பெட்டிக்குள் அடைத்த பிறகு. அங்கே வயரின் தோல் வளைக்கும்போது வெடிக்கிறது என்றால் அந்தச் சுற்றைத் தொடவே வேண்டாம், முழுக்க மாற்றுங்கள். இன்னொன்று, பழைய லைற் வயரிங்கில் ஏர்த் வயர் இராது, சிவப்பும் கறுப்பும் மட்டும்தான். பிளாஸ்ரிக் ஹோல்டருக்கு அது பரவாயில்லை. நீங்கள் வாங்கப்போகிற விறாந்தை லைற் இரும்பு உடம்பாக இருந்து, அதில் ஏர்த் கொளுவ ஒரு திருகு இருந்தால் ஏர்த் இல்லாமல் பூட்டக்கூடாது. கடையில் வாங்கும்போதே உடம்பைப் பாருங்கள்.

மதில் லைற்றும் கேற்றடி லைற்றும் கட்டாயம் தனிச் சுற்று. வாற்றுக்காகச் சொல்லவில்லை, அவை எல்லாம் சேர்ந்து 106 வாற்தான். தூரமும் பிரச்சினை இல்லை. 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 45 மீற்றர் போனாலும் ஒன்றேகால் வோல்ற் மட்டில்தான் குறையும், லைற்றுக்கு ஏறக்குறைய 7 வோல்ற் வரை விதி விடுகிறது. நான் யோசிப்பது மாரியை. கலியாணம் ஆவணியில் முடிந்துவிடும், லைற் ஐப்பசியிலும் அங்கேதான் இருக்கும். மதில் லைற்றுக்குள் மழைத்தண்ணீர் இறங்கும், பூச்சியும் பல்லியும் குடியிருக்கும், ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு ட்ரிப் சுவிச் விழும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் என்றால் உண்மையில் 15 க்கு மேல் எங்கேயும் விழலாம். வீடு முழுக்க இருட்டு. நனைந்த சுற்றின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு ட்ரிப்பை ஏற்றினாலும் சிலவேளை நிற்காது. எம்.சி.பி. லைவ் வயரை மட்டும்தான் வெட்டுகிறது, நியூற்றல் ஏர்த்தோடு முட்டிக்கொண்டு இருந்தால் கசிவு தொடரும். இதில் பாதி ஊர் வயரிங்காரர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

அதற்கு மருந்து ஆர்.சி.பி.ஓ. என்ற சாமான். எம்.சி.பி.யும் ட்ரிப் சுவிச்சும் ஒரே உடம்பில். வெளிச் சுற்றுக்கு 6 அம்பியரில் ஒன்று வாங்கி, வீட்டுப் பொது ட்ரிப் சுவிச்சுக்குப் பின்னால் போடாமல் மெயின் சுவிச்சில் இருந்து நேரே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கம்பியையும் வெட்டுகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். அதன் நியூற்றலை வீட்டு நியூற்றலோடு எங்கேயும் சேர்க்கக்கூடாது, இதை அண்ணைக்கு இரண்டு தரம் சொல்லுங்கள். மழைக்கு மதில் லைற் போனால் அது மட்டும் போகும், அம்மா சாப்பாட்டுக் கோப்பையோடு இருட்டில் நிற்க மாட்டா. கேபிளை மதிலில் பதித்த பைப்புக்குள் விடுங்கள். மண்ணுக்குள் போகிற இடத்தில் வெறும் ருவின் கேபிளைப் புதைக்காதீர்கள், மண்வெட்டி எப்போதாவது அந்த வழியே வரும்.

எல்.ஈ.டி.க்கு ஒரு தனிக் குணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். போடுகிற அந்தக் கணத்தில், ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம், உள்ளே இருக்கிற கொள்ளளவி நிரம்புவதற்காக அது தன் வழமையான ஓட்டத்தைப்போலப் பல பத்து மடங்கை இழுக்கும். ஒவ்வொன்றாகப் போட்டால் தெரியாது. கரண்ட் போய் வரும்போது எல்லா லைற்றும் ஒரே கணத்தில் விழித்துக்கொள்ளும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் எனக்கு வந்த அழைப்புகளில் இதுவும் ஒன்று: "கரண்ட் வந்தவுடனே லைற் பிரேக்கர் விழுது, தூக்கிவிட்டால் நிற்குது." ஓட்டல் ஒன்றில் 40 பனல் லைற் ஒரே எம்.சி.பி.யில், வாற்றைப் பார்த்தால் பாதிகூட இல்லை. எம்.சி.பி.யின் முகத்தில் பி6 அல்லது சி6 என்று எழுதியிருக்கும். பி வகை 3 முதல் 5 மடங்கு திடீர் ஓட்டத்துக்கு உடனே விழும், சி வகை 5 முதல் 10 மடங்குக்கு. லைற் நிறைய இருக்கிற சுற்றில் சி6 இந்தத் தொல்லையைக் குறைக்கும், அம்பியர் அதே 6 தான் என்பதால் வயரின் காவல் கெடாது. ஆனால் ஏர்த் நல்லாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏர்த்தோடு முட்டினாலும் சி வகையை விழுத்துகிற அளவு ஓட்டம் கிடைக்காது. அந்த ஏர்த்தை மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கூரான கம்பி ஒன்றை அடித்துத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று சொல்பவரை அனுப்பிவிட்டு, என்.வி.கியூ. (தேசிய தொழிற்றகைமை) சான்றிதழ் உள்ள ஒருவரைத் தேடுங்கள்.

பத்து என்று சொன்ன அண்ணையைக் கோபிக்க வேண்டாம். ஹோல்டர் வைத்த பழைய சுற்றில் அவர் எண் இன்றைக்கும் பிழையில்லை. ஹோல்டர் இல்லாமல் உடம்போடு சேர்ந்து வருகிற எல்.ஈ.டி. லைற்றில் யாரும் குண்டு பல்பைச் செருக முடியாது, ஆகவே அதற்கு 100 வைக்கத் தேவையில்லை, அதன் பெட்டியில் உள்ள வாற்றையே இரட்டித்து எடுக்கலாம் என்று அவருக்குச் சொன்னால் ஏற்றுக்கொள்வார். இரண்டு சுற்று, இரண்டுக்கும் 6 அம்பியர், வெளிச் சுற்றுக்கு 1.5 வயர், ஹோலுக்குத் தனியாக ஒரு 13 அம்பியர் பொயின்ற். டி.பி. பெட்டியில் மூன்று இடம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பெட்டியும் மாற்ற வேண்டி வரும்.

பந்தலுக்கும் மணவறைக்கும் சோடினைக்காரர் கொண்டுவருகிற லைற் இந்தக் கணக்கில் இல்லை. 500 வாற் ஹலஜன் இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள், ஒன்றே 2.2 அம்பியர். வந்தவுடன் அவர்கள் கண் போகிற முதல் இடம் சுவிச்போட்டில் இருக்கிற அந்த உருண்டை ஓட்டைப் பொயின்ற். அதற்கு முன்னரே அதைக் கழற்றி, வெறும் மூடி ஒன்றைப் பூட்டி வையுங்கள்.